பூஜையில் வைத்த விளக்குப் பெட்டி

சேலையூரில் எங்கள் எதிர்வீட்டு பத்ரிநாராயணன் சார், முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றுகொண்டே கணக்குப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற அன்றே, இனி நிற்பதில்லை, நடப்பதும் இல்லை என்று முடிவெடுத்துவிட்டார். தெருமுனையில் பால் வாங்கக்கூட ஸ்கூட்டர்தான்.

போன வருஷம் அவர் கால் மரத்துப்போய்ச் சில்லிட ஆரம்பித்தது. ரத்த ஓட்டம் போதவில்லை, தினமும் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். சார் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வந்து, காலுக்குச் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சும் பெட்டி ஒன்றை மகள் ஸ்ம்ருதியிடம் சொல்லி வரவழைத்தார். தினமும் மாலையில் அதன்முன் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார். இரண்டு மாதமாகியும் பாதம் ஐஸ் மாதிரிதான் இருந்தது.

ஆயுத பூஜையன்று அவர் மனைவி காமு மாமி மிக்ஸி, ஸ்கூட்டர், விளக்குப் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். மறுநாள் வரை எதையும் எடுக்கக்கூடாது. அப்புறம்தான் பொரியும் கடலையும் வாங்காதது தெரிந்தது. வேறு வழியில்லாமல் சார் கேம்ப் ரோடு கடை வரை நடந்தார். அத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், இரண்டு சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வந்தார். கடலைக்காக மறுபடி நடந்தார்.

சாயங்காலம் பாதத்தைத் தொட்டுப் பார்த்தவர், வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"கால் கதகதன்னு இருக்கு சார்! ஒரு நாள் ரெஸ்ட் குடுத்ததும் லைட்டுக்குப் பவர் ஏறிடுத்து, பாருங்கோ!"

உள்ளேயிருந்து மாமி குரல் கொடுத்தார்.

"அப்படியே ஸ்கூட்டருக்கும் தினம் ரெஸ்ட் குடுங்கோ. லைட்டுக்கு இன்னும் பவர் ஏறும்."