பட்டாணிக்கு நடுவே வைத்த ஹார்டு டிஸ்க்

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஹெச்.ஆர். முருகேசன் தம்பி பிளாஸ்டிக் கவரில் சுற்றிய சின்ன இரும்புப் பெட்டியை நீட்டி, டீப் ஃப்ரீசரில் வைக்கச் சொன்னார். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு கம்பெனி கேண்டீனில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது.

"இன்னா சார் இது, மட்டனா?" என்றார் கேண்டீன் மாஸ்டர் தணிகாசலம்.

"ஹார்டு டிஸ்க்குண்ணே. என் கம்ப்யூட்டர்ல உள்ளதெல்லாம் இதுலதான் இருக்கு. செத்துப்போச்சு. குளுர வச்சா கொஞ்ச நேரம் உசுரு வருமாம்."

"ஃப்ரீசர்ல வெச்சா உசுரு வரும்னா, உள்ள கீற கோழியெல்லாம் இந்நேரம் ஓடியிருக்கும் சார்."

காண்ட்ராக்ட் பெண்கள் வேலைக்குச் சேர்ந்த தேதி எல்லாம் அதில்தான் இருந்தது. மூன்று வருஷம் முடித்தவர்களைப் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். சனிக்கிழமைக்குள் லிஸ்ட் போகாவிட்டால் யாருக்கும் கிடையாது. எனக்கு மூன்று வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைவு. இருந்தாலும் மற்றவர்களுக்காக, மதியம் வரை யாரையும் ஃப்ரீசரைத் திறக்க விடவில்லை. அன்று குருமாவில் பட்டாணி இல்லை.

சாப்பாடு முடிந்ததும் டிஸ்கை எடுத்துப்போய் வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். அரை மணியில் முகம் தொங்கித் திரும்பி வந்தார்.

"உசுரு வந்துட்டுக்கா. ஃபைல் எல்லாம் காப்பி பண்ணிட்டேன். ஆனா தொறக்க மாட்டேங்கு. யாரும் பாக்கக்கூடாதுன்னு நாந்தான் என்க்ரிப்ட் பண்ணி வச்சிருந்தேன். பூட்டு மாதிரி. வேற கம்ப்யூட்டர்ல தொறக்கணும்னா சாவி ஃபைல் வேணும்."

"சாவி எங்க தம்பி?" என்றேன்.

தரையைப் பார்த்தார். "பத்திரமா இருக்கட்டும்னு அதே ஃபோல்டர்லதான் வச்சேன்."

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "பீரோ சாவிய பீரோவுக்குள்ளயே வெச்சிப் பூட்டிகீறீங்க. இத்த அடுப்புல வெச்சாலும் தொறக்காது சார்."

எங்களை வேலைக்கு அனுப்பிய காண்ட்ராக்டரிடமும் காகிதம் ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் முருகேசன் தம்பி ஒரு நோட்டோடு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுத் தேதி கேட்டார். எல்லோருக்கும் சர்வீஸ் கூடிவிட்டது. ஹவுஸ்கீப்பிங் குப்பம்மாவுக்கு ரொம்பவே கூடியது.

"யக்கா, அப்ப இந்தக் கம்பெனியே கட்டலியே."

"மொதல்ல நான் தரைய பெருக்கிக் குடுத்தேன் சார். அப்பறம்தான் கட்னாங்க."

கடைசியில் என் முறை.

"ஒங்களுக்கும் மூணு வருசம் ஆயிட்டுல்லக்கா?"

தலையைக் குனிந்துகொண்டேன். ஆபீஸ் ஆட்கள் என்னைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் வராது என்பது அவருக்குத் தெரியும். வெட்கம் என்று நினைத்து எழுதிக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் பூட்டுப் போடுகிறவர்கள் சாவிக்கு ஒரு காப்பி எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். முருகேசன் தம்பி அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தார். நான் அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை பெர்மனென்ட்.