கோமதியாச்சி வீட்டில் நெட் வராத நாள்

போன வாரம் என் மனைவி போனை நீட்டி, "இது என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்றாள். பஸ் டிக்கெட் போடப் போயிருக்கிறாள். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று திரையில் நின்றது. ஒரு தடவை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அவள் டிக்கெட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்ட வாக்கியம் அது.

அப்போது தென்காசியில் ஒரு சின்ன இன்டர்நெட் ஆபீஸில் வேலை. வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்க வேண்டும். ஊருக்கு நான் கேபிள்காரன். இல்லை, இது வேறு என்று சொல்லிப் பார்த்து அலுத்து, நானும் கேபிள்காரனாகவே ஆகிவிட்டேன். சாரல் காலத்தில் மோடத்தின் சூட்டில் ஈரம் காய்கிற ஒரு வாசனை வரும். நனைந்த சட்டையை இஸ்திரி போட்டால் வருமே, கிட்டத்தட்ட அது. மேலகரத்தில் கோமதியாச்சி வீட்டில் அந்த மோடத்தின் மேல்தான் தீப்பெட்டி இருக்கும். "நமுத்துப் போகாம இருக்குல்லா" என்பார். எங்கள் கம்பெனியால் அந்த வீட்டுக்குக் கிடைத்த நிச்சயமான பயன் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆச்சிக்கு ஒரே மகன் சங்கரன், குவைத்தில் வேலை. அம்மாவைப் பார்த்துப் பேச அவன்தான் கம்ப்யூட்டரும் கேமராவும் வாங்கி வைத்திருந்தான். போனில் முகம் பார்க்கிற வசதியெல்லாம் நம் பக்கம் இன்னும் வராத காலம். சாயங்காலமானால் ஆச்சி தலைவாரித் திருநீறு பூசி அதன்முன் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு வைத்த குழம்பைக் கிண்ணத்தோடு கேமராவுக்குக் காட்டுவார். நெட் வரவில்லை என்றால் எனக்குத்தான் போன். "தம்பி, அவன் பேரை அமுக்குனா வரமாட்டேங்கான்."

கம்ப்யூட்டருக்குப் பேர் தெரியாது, எண்தான் தெரியும். பேரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தர ஒரு பெட்டி வேண்டும். எங்களுடையது ஆபீஸ் மாடியில் ஒரு பூட்டிய அறையில் இருந்தது, அரதப் பழசு. சீசன் வந்து குற்றாலம் லாட்ஜுகள் நிரம்பினால், அத்தனை பேர் கேட்கிற பேருக்கும் அதுவே பதில் சொல்ல வேண்டும். திணறி நின்றுவிடும். ரோடு நன்றாகத்தான் இருக்கும், வழி சொல்கிற முக்குக்கடைக்காரர் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். ஊரில் இதற்கு ஒரு சொலவடையே உண்டாகிவிட்டது: அருவியில தண்ணி விழுந்தா நெட்டு விழாது. நாங்களும் மறுக்கவில்லை.

அப்படி ஒரு சீசனில்தான் ஆச்சி இறந்துபோனார். சங்கரனின் பாஸ்போர்ட் முதலாளி கையில். வர வழியில்லை. கடைசியாக ஒருமுறை முகத்தையாவது பார்க்கிறேன் என்றான். கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து பந்தலில் வைத்தார்கள், பெஞ்சில் கிடந்த ஆச்சிக்கு எதிரே. என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எண்ணைக் கொடுத்தால் பதில் வருகிறது. பேரைக் கொடுத்தால் இல்லை. பழைய தேடல்களை அழித்தேன். வெளியூர்ப் பெட்டி ஒன்றின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். யாரிடம் கேட்டாலும் கேள்வி நம் பெட்டிக்கே திரும்பும்படி எங்கள் ஓனர் செய்து வைத்திருந்தார். என்ன மூளை என்று அதற்கு முன் நானே வியந்திருக்கிறேன். மதுரையில் ஒரு நண்பனைக் கூப்பிட்டு, முகம் பார்த்துப் பேசுகிற தளத்தின் எண்ணைக் கேட்டுக் கையால் எழுதினேன். உள்ளே போனது. போய், வேறொரு பேரைக் கேட்டது. அதையும் எழுதினேன், அடுத்ததைக் கேட்டது. செல்போன் டவரில் நெட் எடுக்கிற டாங்கிளைச் செருகினால் சீசன் கூட்டத்தில் டவரே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். அறைச் சாவி ஓனரிடம். ஓனர் சம்பந்தி வீட்டாரோடு ஐந்தருவியில். போனை எடுத்தது கார் டிரைவர். "அண்ணாச்சி அருவிக்குள்ள தலையக் குடுத்து நிக்காரு. இந்தக் கூட்டத்துல எப்படிக் கூப்பிட?" ஆபீஸில் மெயினை அணைக்கச் சொன்னேன். பேட்டரி இருந்ததால் பெட்டி அசையவில்லை.

ஆச்சியின் தம்பி, சங்கரனின் மாமா, என் பக்கத்தில் வந்து குனிந்தார். "தம்பி, இன்னும் எம்புட்டு நேரம் ஆவும்?"

"இந்தா வந்துரும் அண்ணாச்சி."

அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பந்தல் முழுக்க ஆச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது. ஒரு சாவு வீட்டைக் காக்க வைத்துக்கொண்டு தட்டச்சு செய்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அழவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மாமாவின் போனில் சங்கரன் லைனிலேயே இருந்தான். கடைசியில் அவன்தான் சொன்னான். "எடுத்துருங்க மாமா. அம்மா மழையில நனைய வேண்டாம்."

எடுத்துவிட்டார்கள். சங்குச் சத்தம் தெருமுனை திரும்பியது. பெண்கள் தண்ணீர் ஊற்றி இடத்தைக் கழுவ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் ஓனர் ஈரத்தலையோடு போய்ப் பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறார். திரையில் சங்கரன் வந்தான். குளித்து, திருநீறு பூசி, தலையை வாரியிருந்தான்.

 அவனே கேட்டான். "அண்ணே, அம்மா எங்கன கெடந்தா?"

கேமராவைத் திருப்பினேன். ஈரச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒதுங்கிய பூ. விளக்குமாற்றோடு நின்ற பெண் விலகிக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"தரை காயுத வரைக்கும் கட் பண்ணாதீங்கண்ணே."

சாரல் காலத்தில் தரை எங்கே காயும். நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. பேரைக் கேட்டுத் திணறுகிற பெட்டிகளும் இல்லை, இருந்தாலும் நம் ஊர் மாடியில் இல்லை. கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையும் போய், நான் செல்போன் உறை விற்கிறேன். ஆச்சி வீட்டை இடித்து லாட்ஜ்காரர்கள் வேன் நிறுத்தக் கல் பாவிவிட்டார்கள். போன சீசனில் சங்கரன் வந்திருந்தான். முன்நெற்றி வழுக்கை. இருவருமாக அங்கே போனோம். கேரளா வேன்களுக்கு நடுவே நின்று, "எங்கனண்ணே?" என்றான்.

வாசல் எது, பந்தல் எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அன்றைக்காவது காட்ட முடிந்தது. இன்றைக்கு அதுவும் முடியவில்லை.

"பரவால்லண்ணே" என்றான். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். எந்தக் கல்லை மிதிக்கக் கூடாது என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே நின்றான்.