சாந்த்ராகாச்சிச் சேறு

அந்தப் பார்சல் எங்கள் ஆபீசுக்கு வந்தது துர்கா பூஜைக்குச் சில வாரங்கள் முன்பு. பிரித்தால் உள்ளே டிஸ்க் பெட்டிகள். அட்டையில் ஒரு கார் சேற்றை வாரி இறைத்தபடி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தது. மண் பாதையில் கார் ஓட்டும் பந்தய விளையாட்டு. டிவியோடு இணைத்து ஆடும் கன்சோல்களுக்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்து, அந்த வாரம்தான் அங்கே கடைகளுக்கு அனுப்பியிருந்தது. அதில் சேறு மட்டும் எங்களுடையது. இங்கே சால்ட் லேக்கில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து ஏழெட்டுப் பேர் ஒரு வருடத்துக்கு மேல் அதை வரைந்திருந்தோம். கதவில் தெறிக்கும் சேறு, சக்கரத்தில் அப்பும் சேறு, வெயிலில் காய்ந்து வெடிக்கும் சேறு. வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசிய ஞாபகம் இல்லை.

எங்கள் குழுவை நடத்திய லீடை எல்லோரும் ‘தாதா’ என்று கூப்பிட்டார்கள். வங்காள மொழியில் அண்ணன் என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருச்சியிலிருந்து போன் செய்த பெரியம்மாவிடம், “தாதா ரொம்ப நல்லவர், தாதா திட்டவே மாட்டார்” என்று நான் சொல்லப்போக, பொண்ணு ஏதோ ரவுடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்டாள் என்று அவர் பயந்துபோனார். ஆபீசில் தமிழ் தெரிந்தவர்கள் தாதாவும் நானும் இரண்டே பேர் என்பதால் நான் மட்டும் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அவருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். அவருடைய அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாந்த்ராகாச்சி யார்டுக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, அந்தப் பகுதித் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த மனிதராக இருந்தார். மகன் ரயில்வே பரீட்சையும் எழுதாமல் பேங்க் பரீட்சையும் எழுதாமல் கம்ப்யூட்டரில் படம் வரையப் போனது அவருக்குக் குறைதான். திட்டியதில்லை. யாராவது கேட்டால் “ஏதோ கம்பெனியில இருக்கான்” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாராம். அண்ணா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

சேற்றுக்காக நாங்கள் அவர் வீட்டுக்கே போயிருக்கிறோம். நாங்கள் அனுப்பிய முதல் படங்களை, உயிரே இல்லை என்று வெளிநாட்டுக்காரர்கள் திருப்பி அனுப்பியிருந்த நேரம். முந்தைய வருடத்து ஆஷாட மாதம், நல்ல மழை. யார்டை ஒட்டிய காலி நிலத்தில் சைக்கிள் வேன்களும் லாரிகளும் போய்ப் போய் மண் குழம்பிக் கிடந்தது. நான் குடை பிடிக்க, அண்ணா முட்டிவரை பேண்ட்டை மடித்துக்கொண்டு குனிந்தும் படுத்தும் போட்டோ எடுத்தார். சக்கரத் தடத்தில் தேங்கிய தண்ணீர், அதன் ஓரத்தில் சரிந்து நிற்கும் மண், தடத்துக்குள் மிதித்த காலடி. அவருடைய அப்பா வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனதும் என்னிடம், “சேத்தைப் படம் புடிக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க?” என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். “ஆமா மாமா, நல்ல சம்பளம்” என்றேன். அண்ணாவின் அம்மா சுடச்சுட உப்புமா கொடுத்தார். சாப்பிடும்போது அண்ணா சொன்னார்: “கேம் முடிஞ்சதும் சினிமா மாதிரி பேரு போடுவாங்கப்பா. என் பேரும் வரும்.” அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். “உன் பேரா? இங்கிலீஷ்லயா?”

அந்த ஒரு பேச்சை அவர் பிடித்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு அண்ணா வீட்டுக் கதை சொல்லும்போதெல்லாம், “அப்பா கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கார்” என்பார். கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வார், ஆனால் முகம் மலர்ந்திருக்கும்.

பார்சல் வந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதலாளி ஆபீஸ் ஹாலிலேயே ஒரு விழா வைத்தார். புரொஜெக்டர், வாடகை நாற்காலிகள், ஆளுக்கொரு பெட்டியில் சிங்காரா என்கிற சமோசாவும் சந்தேஷ் இனிப்பும். வீட்டாரை அழைத்து வரச் சொல்லியிருந்தார். அண்ணாவின் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மனைவியையும் மூத்த மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். சுவர் முழுக்கக் கார்கள் சறுக்கின, சேறு தெறித்தது, குழந்தைகள் கத்தினார்கள். “இது நம்ம யார்டு மண்ணுப்பா” என்று அண்ணா அவர் காதோரம் குனிந்து சொன்னார். திரையில் தெரிந்தது செம்மண். அந்த நாட்டுக்காரர்கள் கேட்டபடி நிறத்தை மாற்றியிருந்தோம். அவர் சிரித்துவிட்டு, “போடா, நம்ம மண்ணு கறுப்பு” என்றார்.

கடைசியில் பெயர்கள் வர ஆரம்பித்தன. நீளமாக ஓடின, எல்லாம் வெளிநாட்டுப் பெயர்கள். பிறகு எங்கள் கம்பெனியின் பெயர் வந்தது. அதன் கீழே ‘லீட் ஆர்ட்டிஸ்ட்’ என்று போட்டு ஒரே ஒரு பெயர். என்னுடைய பெயர்.

அது எப்படி நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. பெயர்களை எழுதி அனுப்பும்படி அவர்கள் முதலாளியைக் கேட்டிருக்கிறார்கள், அவர் மறந்துவிட்டார். முடிந்த படங்களை இன்டர்நெட்டில் ஏற்றி அனுப்பும் கடைநிலை வேலை என்னுடையது. அதற்கான கணக்கு என் பெயரில் இருந்தது. கெடு நெருங்கியதும் அங்கே யாரோ அதைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் அந்த நிமிடம் எனக்கு எதுவும் புரியவில்லை. முதலாளி “ஆரே வா!” என்று கைதட்டி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். ஹாலே கைதட்டியது. நான் பாதி எழுந்து பாதி உட்கார்ந்து, முகம் காந்த, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். பெயர்கள் ஓடி முடிந்து திரை பழையபடி காருக்குத் திரும்பியது. அப்போது முன் வரிசையில் அந்தக் குரல் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டார்.

“உன்னோடது இன்னும் வரலியா?”

அந்த ஹாலில் அது புரிந்தது அந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் மட்டும்தான்.

“அவ்ளோதான்ப்பா. கிளம்பலாம்” என்றார் அண்ணா.

மருமகன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையிலிருந்த இனிப்புப் பெட்டியைத் திறக்காமலே பையில் வைத்தார். அப்பா மட்டும் கிளம்பும் முன் என்னிடம் வந்து கைகூப்பினார். “ரொம்ப சந்தோஷம்மா. பெரிசா வந்துது உங்க பேரு.” என் அப்பா வயது அவருக்கு. பதிலுக்கு நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாளே யாரையும் கேட்காமல் அந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். தவறு நடந்துவிட்டது, வேலை முழுக்க இவருடையது, தயவுசெய்து மாற்றுங்கள் என்று. மரியாதையாகவே பதில் வந்தது. பெயர்களைக் கேட்டும் உங்கள் ஆபீசிலிருந்து வரவில்லை, டிஸ்க்குகள் அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டன, மறுபதிப்பு வந்தால் கவனிக்கிறோம், மன்னிக்கவும். அந்தப் பதிலின் ஒரு பிரதி முதலாளிக்கும் போனது. மறந்தது தான்தான் என்பது வெளியே தெரிந்துவிட்ட கோபம் அவருக்கு. அண்ணாவைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் கத்துவதும் அண்ணா தலைகுனிந்து நிற்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. பேர் ஆசையில் ஜூனியர் பெண்ணைத் தூண்டிவிட்டு எழுத வைத்தாயா என்று கேட்டிருக்கிறார்.

வெளியே வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“யாரு உன்னை எழுதச் சொன்னா?”

“உங்க வேலைண்ணா. உங்க பேருதானே வரணும்...”

“எனக்குக் கேக்கத் தெரியாதா? வீட்டோட போகட்டும்னுதான் சும்மா இருந்தேன். இப்ப எனக்காக நீ பிச்சை எடுத்த மாதிரி ஆயிடுச்சு.”

திட்டவே மாட்டார் என்று நான் சொன்ன மனிதர். அதையும் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். பிறகு என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். பெயர்தான் வந்துவிட்டதே.

சில வருடங்கள் கழித்து, கரியாஹாட் பக்கம் ஒரு தமிழ்க்காரர் மளிகைக் கடையில் காப்பித்தூள் வாங்கப் போனபோது அண்ணாவின் அப்பாவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். எனக்கு முன்னால் அவரே அடையாளம் கண்டுகொண்டார். “நீங்க அந்தக் கார் கேம் பண்ணின பொண்ணுதானே?” அண்ணாவைப் பற்றிக் கேட்டேன். பேங்க் பரீட்சை எழுதித் தேறி துர்காபூரில் இருக்கிறாராம். கல்யாணம் ஆகிவிட்டது. “நல்லதாப் போச்சும்மா” என்றார். “அந்த வேலை அவனுக்குச் சரிப்பட்டு வரல. ஆசை இருந்துது, கை வரல போல. உங்க அளவுக்கு வருமா?”

 கடையென்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன். “இல்ல மாமா. அது முழுக்க அவர் செஞ்சது. நான் வெறுமனே அனுப்பி வச்சேன். அவங்க தப்பாப் போட்டுட்டாங்க. அந்த மண்ணு உங்க வீட்டுப் பக்கத்து மண்ணுதான், நிறம் மட்டும்தான் மாத்தினோம்.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல, “பேரு போட்டிருந்துதே, நான் பாத்தேனேம்மா” என்றார்.

“மாமா, நெஜமாதான் சொல்றேன்.”

“உங்க நல்ல மனசு அது.”

இப்போது நியூ டவுனில் ஒரு பெரிய கம்பெனியில் இதே மாதிரி வேலையில்தான் இருக்கிறேன். துர்காபூருக்குப் போன் செய்ய எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அன்று அந்தக் கடையிலேயே நம்பர் கேட்டிருக்கலாம், வாய் வரவில்லை. அதற்குள் அண்ணாவின் அப்பா கடைக்காரர் பக்கம் திரும்பி, “இந்தப் பொண்ணு பேரு வெளிநாட்டு கேம்ல வந்திருக்கு, தெரியுமா? என் கண்ணால பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் தராசை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் மறுபடியும் இல்லை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.