மேடையில் பிடித்த படம்

கரிக்கலாம்பாக்கத்து மணிவண்ணனுக்கு வில்லியனூர் கடைத்தெருவில், மருந்துக்கடை மாடியில் ஓர் அறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய ஏசி, அவன். பாகூர்ப் பக்கம், நெட்டப்பாக்கம் பக்கம் எங்கே கல்யாணம் நடந்தாலும், படம் எடுத்தவர்கள் கேமராவின் மெமரி கார்டைத் தூக்கிக்கொண்டு இவனிடம்தான் வந்து நிற்பார்கள். மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பான். மாமியாரின் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைத் துடைப்பான். செத்துப்போனவர்களுக்குக் கோட்டு மாட்டி விடுவான். அந்தச் சுற்றுவட்டாரத்துக் கண்ணீர் அஞ்சலி பேனர்களில் கோட்டுப் போட்டுச் சிரிக்கிற பெரியவர்களில் பாதிப்பேர், உயிரோடு இருந்தவரை ஒரு கோட்டைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. எல்லாம் இவன் கைங்கரியம்.

இப்பேர்ப்பட்டவனிடம் பெற்ற தாயின் படம் ஒன்று இல்லை. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

காசம்மாள் கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். "இந்த மூஞ்சியப் புடிச்சி இன்னாடா பண்ணப் போற?" என்பாள். மணிவண்ணனும் வற்புறுத்தியதில்லை. நாளெல்லாம் ஊரார் முகத்தைப் பார்த்துச் சலித்தவனுக்கு, வீட்டில் இருக்கிற முகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்கிற நினைப்பு. நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். ஒருநாள் காலையில் கரும்புக் கழனிக்குப் புறப்பட்டவள் வாசலிலேயே சுருண்டு விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மறுநாள் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும், தெருமுனையில் பேனர் வேண்டும். ஊருக்கெல்லாம் பேனர் போட்டவன் தன் அம்மாவுக்கு எப்படிப் போடுகிறான் என்று தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பாதி மூடிய கண்ணும் வீங்கிய கன்னமுமாய் யாரோ ஒருத்தி. இன்னும் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தாள். அது அம்மாவே இல்லை என்று மூடிவிட்டான்.

அப்போதுதான் தங்கை சுவேதா சொன்னாள்.

"ண்ணா, கரியமாணிக்கம் சிங்காரவேலு வூட்டுக் கல்யாணத்துல அம்மாவும் நானும் மேடையேறி போட்டோ புடிச்சிக்கினோமே! பட்டுப்பொடவ கட்டினு வந்திச்சி. சிரிக்கச் சொன்னாங்க, நல்லா சிரிச்சிது. 'என் புள்ள கம்ப்யூட்டர் பொட்டியிலதான வந்து வுழும், பாக்கட்டும்'னு சொல்லிக்கினே எறங்கிச்சி."

சிங்காரவேலு முப்பது காணி கரும்புக்காரர். காசம்மாள் காலமெல்லாம் களை பறித்தது அவர் கழனியில்தான். அவர் மகள் கல்பனாவின் கல்யாணப் படங்கள் மணிவண்ணனின் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அம்மா செத்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

ஆனால் அந்தக் கல்யாணப் படங்களில் ஏற்கெனவே ஒரு வில்லங்கம் இருந்தது. எடுத்தவன் பாகூர் புகழ்வேந்தன், புதுக் கேமராக்காரன். புதுக் கேமராவின் ரா ஃபைல் மணிவண்ணனின் பழைய சாஃப்ட்வேரில் திறக்காது. ரா என்பது நெல் மாதிரி, அரிசியாக்கினால்தான் சோறு. அதனால் புகழ்வேந்தன் கொண்டுவரும் படங்களையெல்லாம் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டு மாற்றித்தான் வேலை செய்வான். இந்தக் கல்யாணத்திலும் முக்கால்வாசி மாறியது. மேடைப் படங்களில் ஒரு கட்டு மட்டும் ரோஸ் நிறக் கோடுகளாகவும் சாம்பல் பட்டையாகவும் வந்தது. ஆல்பத்துக்கு வேறு படங்கள் போதும் என்று சிங்காரவேலு வீட்டார் சொல்லிவிட, அதைத் தனியாக ஒதுக்கிப் போட்டிருந்தான். திறந்த படங்களில் அம்மா இல்லை. அப்படியானால் அந்தக் கோடுகளுக்குள்தான் இருக்கிறாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தான். கன்வெர்ட்டரைப் புதிதாக இறக்கிப் போட்டான். அதே ரோஸ் கோடு. வேறு சாஃப்ட்வேரில் திறந்தான், அதே கோடு. நிறம் மட்டும் பிசகியிருந்தால் சரிசெய்யலாம், இங்கே படமே இல்லை. எல்லாச் சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி திணறினால் கோளாறு சாஃப்ட்வேரில் இல்லை, ஃபைலில் இருக்கிறது. ஃபைல் கார்டிலேயே கெட்டதா, இங்கே ஏற்றும்போது கெட்டதா? வண்டியை எடுத்துக்கொண்டு பாகூருக்கு ஓடினான். ஆல்பம் கைக்குப் போகும்வரை புகழ்வேந்தன் கார்டை அழிக்கமாட்டான், அந்த மட்டில் புண்ணியவான். துக்கம் விசாரித்துவிட்டுக் கார்டைக் கொடுத்தான். எதற்கு என்று மணிவண்ணன் சொல்லவில்லை. படக்காரன் அம்மாவுக்குப் படம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

கார்டைச் செருகிப் படம் ஏற்றும் ரீடர் புதிதாக ஒன்றை வரும் வழியிலேயே வாங்கி வந்து ஏற்றினான். முதல் படம் திறந்தது. கோடு இல்லை, பட்டை இல்லை, மணப்பெண்ணின் மூக்குத்திக் கல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. கேடுகெட்ட பழைய ரீடர்தான் அத்தனையையும் கெடுத்திருக்கிறது! மணிவண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கிவிட்டது.

ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். பாங்க் மேனேஜர் குடும்பம். பச்சைச் சேலை கட்டிய காலேஜ் பெண்கள். அவர்கள் இறங்கியதும்தான் தாங்கள் ஏறியதாக சுவேதா சொல்லியிருந்தாள். அடுத்த படத்தைத் தட்டினான். டிராக்டர் ஷோரூம்காரர். முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். ஃபைல் எண்கள் வரிசையாகவே இருந்தன. நடுவில் ஒன்றும் தொலையவில்லை.

புகழ்வேந்தனுக்குப் போன் போட்டான்.

"புகழு, பச்சப்பொடவப் பொண்ணுங்களுக்கு அப்பறம் ரெண்டு பேரு ஏறியிருக்காங்க. அந்தப் படம் எங்கடா?"

"கார்டுல இல்லியாண்ணா? அப்ப வெறும் பிளாஷ் அடிச்சிருப்பேன்."

படம் எடுக்காமல் வெளிச்சத்தை மட்டும் மின்னவிடுவது. மேடையில் நிற்கிறவர்கள் எடுத்தாயிற்று என்று சந்தோஷமாக இறங்கிப் போய்விடுவார்கள். தொழிலில் பலர் செய்வதுதான்.

"ஏன்டா அப்பிடிப் பண்ண?"

"இன்னாண்ணா, நீங்கதான சொன்னீங்க? ரா ஃபைலு ஒவ்வொண்ணும் மலையாட்டம் கீது, கன்வெர்ட் பண்ணி மாளல, கழனி வேலைக்கு வர்றவங்க மேடையேறுனா வெறும் பிளாஷ் அடிச்சி அனுப்புடா, அதுங்க ஆல்பமா கேக்கப் போவுதுங்கன்னு. சிங்காரவேலு கண்ணக் காட்டுவாரு, நான் அடிச்சிடுவேன்."

சொன்னதுதான். இதே நாற்காலியில், டீயைக் குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னது. சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவள் முகத்தை மூடாமல் சிரித்திருக்கிறாள், மகன் பார்ப்பான் என்று.

"யாருண்ணா அவுங்க? வேண்டப்பட்டவங்களா?" என்றான் புகழ்வேந்தன்.

மணிவண்ணன் பச்சைச் சேலைப் பெண்களிலிருந்து டிராக்டர்காரருக்கு இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான்.

"இல்லடா," என்றான் கடைசியில். "கழனி வேலைக்கு வர்றவங்க."