முதலாம் கேள்வியிலிருந்து

1. திருகோணமலை இறங்குதுறையில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கி ஆடிவந்து, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்ச் படகை ஓட்டுபவரின் தலையில் அடித்தது.

2. பல நாட்கள் நினைவின்றிக் கிடந்தார். கண் திறந்ததும் மனைவியைத் தேடினார்.

3. காயம் ஆறியது. நடந்தார், சாப்பிட்டார், கதைத்தார்.

4. லோஞ்சைத் திரும்பவும் அவரிடம் கொடுக்கலாமா என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

தலையில் அடிபட்டவர்களின் நினைவையும் யோசனையையும் சோதிக்க நான் கொழும்பில் பயிற்சி பெற்றிருந்தேன். கையில் ஒரு தாள், அதில் சில கேள்விகள். இன்று என்ன கிழமை? நாங்கள் எங்கே இருக்கிறோம்? நூறில் ஏழு போனால் எத்தனை? முதல் தடவை எல்லாவற்றுக்கும் சிரித்தார். அவ்வளவுதான்.

மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். கேள்வியும் விடையும் வரிசையாய்ப் பாடமாக்க வைப்பவர். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகளில் கணவர் நன்றாகத் தேறிவந்தார். கடைசியில் ஒரு விடைகூடப் பிழையாகவில்லை.

"நல்லாச் சொல்லுறீங்கள் ஐயா."

"வீட்டில ரீச்சர் எல்லோ இருக்கிறா, மிஸ். பிழை விட்டாச் சோறில்லை."

"சும்மா இருங்கோ," என்றார் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ், இனி லோஞ்சில ஏறலாம்தானே?"

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவருடைய விடைகளில் ஓர் இராகம் இருந்தது. நானும் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் அந்த இராகத்தைக் கேட்டு வளர்ந்தவள். தாளை மடித்து வைத்துவிட்டு, மூன்றாம் கேள்வியை முதலில் கேட்டேன்.

"நூறில ஏழு போனால் எத்தனை?"

"செவ்வாய்க்கிழமை, மிஸ்."

"இண்டைக்கு என்ன கிழமை?"

"திருகோணமலை ஆஸ்பத்திரி."

குரலில் தயக்கமே இல்லை. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, மடியில் கையைக் கோத்துக்கொண்டார்.

"முதலாம் கேள்வியில இருந்து கேளுங்கோ, மிஸ். அவருக்கு முறையாத்தான் வரும்."

"கடலில எல்லாம் முறையா வராதே, அக்கா. ஆக்களை ஏத்திக்கொண்டு போறவர்."

"எல்லாரும் அப்பிடித்தானே படிக்கிறம்? முதல் பாடமாக்கிறது. விளக்கம் பிறகு வரும். எனக்கும் அப்பிடித்தான் வந்தது."

இன்னும் சில மாதங்கள் அவர்கள் வந்தார்கள். வரிசையாகக் கேட்டால் எல்லாம் சரி. மாற்றிக் கேட்டால் ஒன்றுமில்லை. லோஞ்ச் ஓட்ட ஏலாது என்று டாக்டருக்கு எழுதிக்கொடுத்தேன். அதை வாசித்துச் சொன்னபோது மனைவி அழவில்லை. கணவரின் சேட்டுக் கொலரைச் சரிசெய்து, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது லோஞ்சை மனைவியின் தம்பி ஓட்டுகிறார். கணவர் அதில் சனங்களோடு சனமாக இருந்து மூதூர் போய் வருகிறார். மனைவி தினமும் காலையில் அதே கேள்விகளைக் கேட்கிறார், இவர் சொல்கிறார். விளக்கம் இன்னும் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் காணும்போது நானும் கேட்பதுண்டு. முதலாம் கேள்வியிலிருந்துதான் கேட்கிறேன்.