பருத்தி எறிந்த பெண்ணைப் படம் எடுத்தவன்

புகைப்படத் தொழிலில் ஒரு வசதி உண்டு: படம் சொதப்பினால் எடுத்தவன் பெயர் ஊருக்கே தெரியும், நன்றாக அமைந்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கும் கோமதிநாயகமாகிய எனக்கு ஒரே ஒரு படம் நன்றாக அமைந்து தொலைத்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்ததை அம்மன் வரும் சப்பரத்தின் மேல் எறிவார்கள். மிளகாய் வற்றல், சோளம், காய்கறி எல்லாம் பறக்கும். நான் எடுத்தது, பருத்தியை எறிந்துவிட்டு இன்னும் கையை இறக்காமல் நிற்கும் ஒரு பெண்ணை. பஞ்சு அந்தரத்தில் நிற்கிறது, அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அடுத்த படத்தில் முழுக்க ஒரு கத்தரிக்காய்தான் இருந்தது, லென்ஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. நல்ல படத்தின் ஓரத்தில் என் பெயரைப் போட்டு முகநூலில் ஏற்றினேன்.

ஓரத்தை வெட்டியவர்

மறுநாள் காலை அந்தப் படம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கே வந்தது. 'அற்புதக் காட்சி, அனைவருக்கும் பகிரவும்' என்று போட்டிருந்தது. என் பெயர் இருந்த ஓரத்தை மட்டும் காணோம். குழுவின் அட்மின் ஓய்வு பெற்ற வாத்தியார். வீடு தேடிப்போய்க் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, சொன்னார்: "எழுத்து கிடந்து கண்ணை உறுத்துச்சு தம்பி. ஒன் படம்லா, அழகா இருக்கட்டுமேன்னு வெட்டிவிட்டேன்."

தன் பெயரைப் போட்டவர்

வெட்டிய இடத்தில் இன்னொருத்தர் பெயர் முளைக்க ஒரு வாரம் ஆனது. ஒரு ஜவுளிக்கடை முதலாளி, அதே படத்தின் மேல் தன் கடைப் பெயரையும் ஆடித் தள்ளுபடியையும் சேர்த்து ஊர் பூராவும் அனுப்பிவிட்டார். தம்பி மகன் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகக் கல்யாணத்துக்கே போகாதவர் அவர். இன்றுவரை தம்பியோடு பேச்சு கிடையாது. பெயரின் அருமை தெரிந்தவர் என்கிற நம்பிக்கையில் போனேன். பத்திரிகை விஷயத்தையும் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்: "அது சொந்தம், வே. இது படம்லா?"

மூன்றாவது கடை

அதற்குப் பிறகு ஒருநாள் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கடைக்கு வந்தார். செல்போனில் என் படத்தை எனக்கே காட்டி, "இந்தப் பஞ்சு எறியுதது என் மக. அவளுக்குக் கல்யாணம். இதை எடுத்தவருதான் கல்யாணத்துக்கும் எடுக்கணும்னு நிக்கா" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எடுத்தவனைத் தேடி யாரும் வந்ததில்லை. இந்தக் கல்யாணத்தை எடுத்தே தீர வேண்டும் என்று அந்த நிமிஷமே மனசில் முடிவாகிவிட்டது.

நான்தான் எடுத்தேன் என்றேன். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். கத்தரிக்காயையும் காட்டினேன். அவர் மரியாதைக்காகக் கத்தரிக்காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். "இது மூணாவது கடை தம்பி. மூணு கடைலயும் நான்தான் எடுத்தேன்னு சொல்லுதாங்க. வீட்ல கலந்துட்டுத் திங்கக்கிழமை வாரேன்."

பாண்டி செய்த உதவி

வயிற்றெரிச்சலை எங்கே போய்க் கொட்டுவது? ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கும் நண்பன் பாண்டியிடம் கொட்டினேன். "இனி ஒன் படத்துக்கு ஒன் பேரு இல்லாம என் கடையில போர்டு போவாது மக்கா" என்று தோளில் தட்டினான். அந்த வாரமே ஒரு பருத்தி வியாபாரி தவறிப்போனார். நான் எடுத்த அவர் படத்தை வைத்துக் கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்க வந்தார்கள். பாண்டி சொன்ன சொல் தவறவில்லை. இறந்தவர் பெயரை மேலே வளைத்து வளைத்து அலங்காரமாக எழுதிவிட்டு, படத்துக்கு நேர் கீழே, வழக்கமாக இறந்தவர் பெயர் வரும் இடத்தில், மஞ்சள் எழுத்தில் பெரிதாக 'கோமதிநாயகம், ஸ்டுடியோ உரிமையாளர்' என்று போட்டான்.

போர்டு பஸ் ஸ்டாண்டு எதிரில் ஏறியது. நின்று படித்தவர்கள் எல்லாம் அடியில் உள்ள துயருறுவோர் வரிசையில் அவரவர் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் மஞ்சள் எழுத்தைப் படித்தார்கள். ராயகிரியிலிருந்து என் மச்சினன் மாலையோடு வந்து இறங்கினான். நானே கதவைத் திறந்தேன். பிறகு பாண்டியைப் பிடித்து, 'படம்' என்று ஒரு சொல்லை முன்னால் சேர்த்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவன் நிஜமாகவே குழம்பிப்போனான். "படம்னு வேற எழுதணுமாலே? பாத்தாலே படம்னு தெரியும்லா."

கல்யாண ஆல்பம்

திங்கட்கிழமை அந்த விவசாயி வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு ஒரு மத்தியானம் வந்தார். கக்கத்தில் ஆல்பம். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். பஸ்ஸில் வரும்போது போர்டில் மஞ்சள் எழுத்தைப் பார்த்துவிட்டு, நம்மிடம் பேசியவர் போய்விட்டாரே என்று வருத்தப்பட்டு, கல்யாணத்தை, 'நான்தான் எடுத்தேன்' என்று சொன்ன இன்னொரு ஸ்டுடியோவுக்குச் சொல்லிவிட்டாராம். கல்யாணமும் முடிந்துவிட்டது. இன்றைக்கு என் வீட்டு ஆட்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாராம். எனக்கு அழுகை வந்தது. நான் எடுத்திருக்க வேண்டிய கல்யாணம் யாரோ எடுத்த ஆல்பத்தில் அல்லவா போய்விட்டது.

என்ன வார்த்தை என்று கேட்டேன். அவர் ஆல்பத்தை என் மேஜையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நகையும் பட்டுமாக, ரேஷன் கார்டுக்கு நிற்பதைப்போல, ஒரு பெண் நின்றுகொண்டே இருந்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் மூடிவைத்தார். "இதுல எங்கயாவது என் மக இருக்காளா, பாருங்க. அந்தப் பஞ்சுப் படத்தை எடுத்தது நீங்கதான் தம்பி."

அந்தப் படம் இன்றைக்கும் யார் யார் பெயரிலோ ஊரைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதை எடுத்தது நான்தான் என்று நம்புகிறவர்கள், என்னையும் சேர்த்து, இப்போது இரண்டு பேர் இருக்கிறோம்.