கைப்பாஸின் தலையில் நபீலின் துண்டு

போன வாரம் அரியலூர் போயிருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி அந்த ஊர்ச் சாலையில் இப்போது மூக்கைத் திறந்துகொண்டு நடக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒருவர் முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் போகிற பெண்பிள்ளைகள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று வெள்ளையில் கறுப்புக் கட்டம் போட்டது, ஓரத்தில் குஞ்சம். பார்த்தவுடன் நின்றுவிட்டேன். நான் வாங்க வந்தது குக்கர் கேஸ்கெட். அதைச் சுத்தமாக மறந்துபோய் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை.

வாத்தியார் வேலை கிடைத்துப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வந்த புதிதில், சுல்தான் பாயின் தையல் கடைக்கு மேலே ஒரு அறையில் குடியிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். மிஷின் எண்ணெயும் புதுத்துணியும் கலந்த வாசனை படியேறி என் பாய் தலையணை வரைக்கும் வந்துவிடும். நான் வரலாறு வாத்தியார். அதுதான் வினை. உலகத்தில் எந்த மூலையில் சண்டை நடந்தாலும் அந்தத் தெருவில் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கோ பானிப்பட்டுக்கு மேற்கே போனாலே தடுமாற்றம்.

சுல்தான் பாய் குவைத்தில் பல வருஷம் தைத்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவருக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைத்தவன் நபீல், பாலஸ்தீனக்காரன். பாய் ஊர் திரும்பும் நாளில் அவன் தன் கழுத்தில் கிடந்த கட்டம் போட்ட துண்டை எடுத்து இவர் கழுத்தில் போட்டு அனுப்பினானாம். அந்தத் துண்டைப் பாய் துவைத்ததே இல்லை. பாலிதீன் பையில் மடித்துப் பீரோவில் வைத்திருந்தார். ஒருநாள் என் மூக்கருகே நீட்டினார். ஏலக்காய் போட்ட காபி வாசனையும் கொஞ்சம் சிகரெட்டும்.

“நபீல் வாசன சார் இது. அவன் ஊரு பைத்துல் முகத்தஸ் பக்கம், நீங்க சொல்ற ஜெருசலேம். ஆனா பொறந்தது பெய்ரூட்டுல அகதி கேம்ப்புல. சொந்த ஊர ஒரு தடவகூடப் பாத்ததில்ல. எந்த ஊருன்னு கேட்டா மட்டும் அந்த ஊரத்தான் சொல்லுவான்.”

பெரம்பலூரைப் பார்க்காதவன் பெரம்பலூர்க்காரன் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கோடையில் நபீல் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் பெய்ரூட் போனான். அவன் போன பின்னால்தான் இஸ்ரேல் படை லெபனானுக்குள் புகுந்து பெய்ரூட்டை வளைத்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் பேப்பர் வந்ததும் பாய் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். “சார், வெளிநாடு பக்கத்தப் படிங்க” என்பார். குவைத் கடைக்கு எழுதிக் கேட்டதில் ஆள் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். நபீல் உயிரோடு இருக்கிறானா என்ற ஒரே கேள்விக்காகத்தான் அந்தத் தையல் கடையில் மேற்காசிய அரசியல் முழுக்க அலசப்பட்டது.

அந்தோணி என்று ஒருவர் வருவார். ஏலாக்குறிச்சிப் பக்கத்து விவசாயி. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அவர்கள் ஊரில் பாஸ்கா நடக்கும், சேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதற்கு உடுப்பெல்லாம் பாய் கடையில்தான் தைப்பது. அந்தோணிக்கு இஸ்ரேல் என்றால் கோயில் ஜெபத்தில் வரும் இஸ்ரேல். அது பீரங்கி வைத்திருக்கிறது என்பதையே அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பாயின் சாக்கட்டியை வாங்கித் துணி வெட்டும் மேஜையில் படம் போட்டேன். ஐரோப்பாவில் யூதர்களைக் காலங்காலமாக விரட்டியது, ஹிட்லர் லட்சம் லட்சமாகக் கொன்றது, தப்பித்தவர்கள் கப்பலேறியது, அந்த மண்ணில் ஏற்கெனவே ஜனங்கள் குடியிருந்தது, ஐ.நா. சபை கோடு கிழித்தது, அதன் பிறகு வந்த சண்டைகள். கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கடைசியில் எது எல்லை, எது சட்டைக் கைக்குப் பாய் போட்டிருந்த அளவு என்று எனக்கே தெரியவில்லை.

“ஹிட்லர் செஞ்சதுக்கு நபீலோட அம்மா ஏன் சார் கேம்ப்புல கெடக்கணும்?” என்றார் பாய்.

“அதுக்கு அவங்க எங்கதான் போவாங்க பாய்? ஒலகமே தொரத்துதே” என்றார் அந்தோணி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

செப்டம்பரில் அந்தச் செய்தி வந்தது. பெய்ரூட் அகதி முகாம்களில் படுகொலை. சுற்றி நின்றது இஸ்ரேல் படை. உள்ளே புகுந்து கொன்றது லெபனான் கிறிஸ்தவப் படையாட்கள். படிக்கும்போது அந்தோணியும் இருந்தார். “வேதக்காரங்களா? சும்மா சொல்லாதீங்க சார்” என்று பேப்பரை வாங்கி அவரே எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் பேப்பரை மேஜையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பாய் அன்றைக்கு மிஷினில் உட்காரவே இல்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இன்றைக்கும் அந்தக் குழப்பம் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த தபசு காலத்தில் அந்தோணி பாஸ்கா உடுப்புக்கு வந்தபோது, பாயே பீரோவைத் திறந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தார். “ஜெருசலேம் நாடகந்தானே, அந்த ஊரு துண்டே இருக்கட்டும். நபீலாலதான் போக முடியல” என்றார்.

பாஸ்காவுக்குப் பாய் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வெயில் தாழ்ந்து கோயிலுக்கு முன்னால் கூட்டம் உட்கார்ந்திருந்தது. சீடர்கள் வந்தார்கள். துண்டு இல்லை. பிறகு சேசுவுக்குத் தண்டனை கேட்கும் தலைமைக் குரு கைப்பாஸ் வந்தார். அது அந்தோணியேதான். தலையில் நபீலின் துண்டு. கூட்டம் ‘பாவி, பாவி’ என்று கத்தியது, பிள்ளைகள் மண்ணை வாரி எறிந்தார்கள். பாய் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நாடகம் முடிந்ததும் நேரே மேடைக்குப் பின்னால் போனார். “என்ன அந்தோணி இது? அவன் துண்டப் போயி இந்த ஆளு தலையில கட்டியிருக்கியே?”

அந்தோணி உண்மையாகவே திகைத்தார். “கைப்பாஸ் ஜெருசலேம்காரரு. உங்க ஆளும் ஜெருசலேம்காரருன்னீங்க. சரியாத்தான பாய் இருக்கு?”

“அப்ப ஈசா நபி, அதான் உங்க சேசு மட்டும் எந்த ஊரு? அவரு தலையில கட்டுறதுதானே?”

“அவருக்கு முள்முடி இருக்கே பாய்” என்றார் அந்தோணி.

பாய் என்ன நினைத்தாரோ, அந்தோணி தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். நான் வரலாறு வாத்தியார், பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன்.

துண்டை அன்றே கேட்டு வாங்கியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் இரவல் துணியை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், அது மரியாதை இல்லை. ஈஸ்டர் முடிந்து அந்தோணியும் அவர் சம்சாரம் செசிலியும் கடைக்கு வந்தார்கள். செசிலி பையிலிருந்து துண்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். சவுக்காரம் போட்டுத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி வைத்து, பெட்டி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“புள்ளைங்க மண்ணடிச்சுதுங்கண்ணே. ரெண்டு தண்ணி அலசி நல்லா வெளுத்திருக்கேன், பாருங்க.”

பாய் வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஏலக்காய் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது, அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“நல்லா வெளுத்திருக்க தங்கச்சி” என்றார் பாய். “உக்காருங்க, டீ சாப்பிட்டுப் போவலாம்.”

அதற்குப் பிறகு வெளிநாட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. நபீல் என்ன ஆனான் என்பது தெரியாமலே பாய் போய்ச் சேர்ந்தார். அந்தோணியும் இல்லை. பாஸ்காவுக்கு இப்போது ஜரிகை வைத்த உடுப்புகள் திருச்சியிலிருந்து வாடகைக்கு வருகின்றனவாம். தையல் கடை செல்போன் கடையாகிவிட்டது. நான் கோடு போட்ட மேஜை எங்கே போனதோ. அந்தச் சண்டை மட்டும் இன்னும் பேப்பரில் வருகிறது, நானும் தினமும் படித்துக் குழம்புகிறேன்.

கயிற்றில் தொங்கிய துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். புதுத்துணி வாசனைதான். கடைக்காரர் நான் துணியின் தரத்தைச் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“தைரியமா வாங்குங்க சார். எத்தன தடவ வேணா தொவைக்கலாம். ஒண்ணும் போவாது.”